வைகையில் தண்ணீர் வந்த காலை

எங்கள் வீட்டு அடுப்படியில், ஃபிரிட்ஜுக்கும் ஜன்னலுக்கும் நடுவே, ஒரு தமிழ்நாடு மேப் ஒட்டியிருந்தது. திருநகர் மூன்றாவது ஸ்டாப்பில் இரண்டே அறை உள்ள வாடகை வீடு. படிக்கத் தனி இடம் வேண்டுமென்றால் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். அந்த வெயிலில் யார் உட்காருவது? அதனால் அடுப்படியிலேயே படித்தேன். ஒரு கையில் கரண்டி, மறு கை மேப்பில். பாலாறு, தென்பெண்ணை, காவிரி, வைகை, தாமிரபரணி என்று வடக்கிலிருந்து தெற்காக ஆறுகளைத் தடவிக்கொண்டே வருவேன். தாளிக்கும்போது எண்ணெய் தெறித்துத் தருமபுரி மாவட்டம் பளபளவென்று ஆகிவிட்டது. நீலகிரியில் மஞ்சள்தூள். கன்னியாகுமரிக்குக் கீழே, கடல் இருக்க வேண்டிய இடத்தில், பால்காரருடைய போன் நம்பரை எழுதி வைத்திருந்தோம்.

குரூப் ஃபோர் பரீட்சைக்கு அது எனக்கு மூன்றாவது முறை. முதல் முறை ஒன்றிரண்டு கேள்வியில் போனது. இரண்டாம் முறை மகள் வயிற்றில் இருந்தாள். பாதிப் பரீட்சையில் வாந்தி எடுக்க வெளியே ஓடினேன், திரும்பி வந்து பாதியைக்கூட முடிக்கவில்லை. மூன்றாவதையும் விட்டால் அடுத்த அறிவிப்பு வரும்போது என் வயது தாண்டியிருக்கும். அதற்குமேல் அரசாங்க வேலை என்ற பேச்சே கிடையாது. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், பால்காரர் உட்பட.

இத்தனைக்கும் நான் கண்ணால் கண்ட தமிழ்நாடு மேற்கே உசிலம்பட்டி, கிழக்கே இராமேஸ்வரம், அவ்வளவுதான். தொட்டபெட்டாவின் உயரத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அங்கே குளிர் எப்படி இருக்கும் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பேன். என் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். பத்து வருடம் லாரி ஓட்டியவர், இப்போது சொந்தமாக ஒரு சின்ன லோடு வண்டி வைத்துச் சிம்மக்கல் மொத்தக் கடைகளுக்குச் சரக்கு அடிக்கிறார். மாநிலம் முழுக்க அவருக்கு அத்துப்படி. ஆனால் எல்லா ஊரையும் ஏற்றிய சரக்கை வைத்தும் தின்ற சாப்பாட்டை வைத்தும்தான் தெரியும்.

"பவானி ஆறு காவிரியில கலக்குற எடம் எது?" என்று நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். அவர் கை கழுவிக்கொண்டே உள்ளே வருவார்.

"பவானிதான? அங்க ஜமுக்காளம் லோடு ஏத்திருக்கேன். கூடுதுறைக்குப் பக்கத்துல ஒரு கடையில பரோட்டா தின்னேன் பாரு, சால்னாவாம் சால்னா! நம்ம ஊரு சால்னாவுக்குக் கால்தூசி பெறாது."

"கேள்வித்தாள்ல சால்னா வராதுங்க."

"வரணும். கேள்வி எடுக்குறவனுக்கு ஊரே தெரியல புள்ள, அதான் இப்படி மீட்டர் கணக்கா கேட்டுக்கிட்டு இருக்கான்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் பாடத்தைப் பார்த்துப் புலம்புவது தாங்காமல், கீழக்குயில்குடி சமணர் மலைக்கு பைக்கில் கூட்டிப்போனார். அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமர நிழல், அவித்த கடலை. மேலே பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்களும் வட்டெழுத்தும். "அந்தக் காலத்துல சாமியாருக வெறுங்கல்லுல படுத்துருக்காக, உனக்கு என்னடான்னா இலவம்பஞ்சு மெத்தையில முதுகு வலிக்குது" என்று வழியெல்லாம் கிண்டல். உச்சியில் நின்று பார்த்தேன். நாகமலை நீளமாகப் படுத்துக் கிடந்தது. தூரத்தில் யானைமலை. நடுவே பச்சையும் மண்ணுமாகத் தட்டைச் சமவெளி, அங்கங்கே மினுங்குகிற கண்மாய்கள், புகைமூட்டத்துக்குள் கோபுரங்கள். புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்துத் தள்ளியது அத்தனையும் என் காலடியில் கிடந்தது. நான் இந்த ஊர்க்காரி என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன்னால் வந்ததில்லை.

அன்றைக்கு ஒரு கெட்ட பழக்கமும் தொற்றிக்கொண்டது. பாடத்தில் வருகிற எதையாவது கண்ணெதிரே பார்த்துவிட்டால் நிற்காமல் நகர முடியாது. ஒரு தூண், ஒரு மண்டபம், ஒரு மடை, எதுவானாலும் சரி.

பரீட்சைக்குப் பத்து மாதம் இருக்கும்போது அத்தை வந்து சேர்ந்தார். அத்தை என்றால் வீட்டுக்காரரின் அம்மா. செல்லம்பட்டிப் பக்கம் ஊர். கால்வாயின் கடைமடையில் முக்கால் ஏக்கர் வயல். அணையில் தண்ணீர் திறந்தால் எல்லா வயலையும் நனைத்துவிட்டு, மிச்சம் இருந்தால், கடைசியாக அத்தை வயலுக்கு வரும். அந்த வருடம் கால்வாயே திறக்கவில்லை. நாற்றுப் பாவாமல் தரிசாகக் கிடந்த வயலையும் நாலு கோழியையும் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, ஒரு வயர்க்கூடையோடு வந்து இறங்கியவர், நேராக அடுப்படிக்குள் நுழைந்து என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினார்.

"நீ போயி உக்காந்து படித்தா. சோறும் பிள்ளையும் எம்பாடு."

அத்தைக்கு ஏன் இந்த வேகம் என்று எனக்குத் தெரியும். மாமா இறந்தபிறகு அந்த முக்கால் ஏக்கருக்குப் பட்டா மாற்ற ஓர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தவர். 'நாளைக்கு வா' என்பார்கள். நாளைக்குப் போனால் 'ஆள் இல்லை' என்பார்கள். படியில் உட்கார்ந்தால் 'வழியை மறைக்காதே' என்பார்கள். எழுதத் தெரியாத மனுஷி, யாரையும் எதிர்த்துக் கேட்காமல் வேப்பமரத்தடியில் நின்றிருக்கிறார். "அந்த மேசைக்கு அந்தப் பக்கம் நம்ம ஆளு ஒருத்தி உக்காரணும்த்தா" என்று அடிக்கடி சொல்வார். "உக்காந்துக்கிட்டு, வார்றவங்கள, வாங்க, உக்காருங்கன்னு சொல்லணும். அத நான் ஒரு தடவ வந்து பாக்கணும்." இதைக் கேட்டபிறகு எனக்குத் தூங்கினாலும் குற்றமாக இருக்கும்.

மேப்பில் அத்தைக்கு ஏகப்பட்ட சந்தேகம். "நம்ம ஊரு எங்கத்தா?" என்பார். எங்கள் ஊர் எந்த மேப்பில் இருக்கிறது? என் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து மதுரைக்கு மேற்கே ஒட்டினேன். அதைக் கிட்டப்போய்ப் பார்த்துவிட்டு வைகையை விரலால் அளந்தார். "இம்புட்டுத்தானா வைகை? ஒரு சாண்கூட இல்லையே" என்று வருத்தப்பட்டார்.

அந்த மேப் போட்டவரை எனக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். வைகைக்கு நீலம் அடித்து வைத்திருக்கிறார், மகராசன்! சிம்மக்கல்லில் ஆற்றங்கரைக்குக் கூட்டி வந்து காட்டினால் கையிலுள்ள நீலத்தைத் தூக்கிப் போட்டுவிடுவார். வருடத்தில் முக்கால்வாசி நாள் ஆற்றுக்குள் புல்லும் கருவேலமும் எருமையும் கிரிக்கெட்டும்தான். கரையில் துணி காயும். சித்திரையில் அழகர் இறங்குவதற்காக அணையிலிருந்து கொஞ்சம் விடுவார்கள். மற்ற நாளில் மதுரைக்காரனுக்கு ஆறு என்பது ஒரு குறுக்கு வழி. அதனால்தானோ என்னவோ, மேற்கே மலையில் மழை கொட்டி நிஜமாகவே வெள்ளம் வந்துவிட்டால் ஊருக்குப் பைத்தியம் பிடித்துவிடும். பாலத்தில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். ஆபீசுக்குப் போகிறவர், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், யாரும் விதிவிலக்கில்லை. கையெடுத்துக் கும்பிடுவார்கள், பூப் போடுவார்கள், பிள்ளைகளைத் தூக்கிக் காட்டுவார்கள். போலீஸ்காரர் விசில் ஊதி விரட்டிவிட்டு, தானும் ஒரு பார்வை எட்டிப் பார்ப்பார். இதற்கெல்லாம் மதுரையில் ஒருவரும் வெட்கப்படுவதில்லை.

எனக்குப் பரீட்சை மையம் செல்லூரில் ஒரு பள்ளிக்கூடம். எட்டரைக்குள் வர வேண்டும்; ஒன்பதுக்கு மேல் கேட்டைச் சாத்திவிடுவார்கள். ஐப்பசி மாதம். மூன்று நாளாக வருசநாட்டு மலைப்பக்கம் நல்ல மழை. கரையோர மக்கள் எச்சரிக்கையாக இருக்கவும் என்று டி.வி.யில் ஓடியதைப் பார்த்தோம். வருடா வருடம் சொல்வதுதானே என்று காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காலை ஏழரை மணிக்கு பைக்கில் கிளம்பினோம். அத்தை நெற்றியில் திருநீறு பூசி, "கேள்விய நல்லா வாசிச்சுட்டு எழுதுத்தா. பதறாத" என்றார். போன் கொண்டுபோகக் கூடாது என்று வீட்டிலேயே வைத்துவிட்டேன். வாட்ச் நின்று ஒரு மாதம் ஆகியிருந்தது. ஹாலில் கடிகாரம் இருக்கும் என்ற தைரியம்.

சிம்மக்கல் வரை ஒரு குறையும் இல்லை. யானைக்கல்லில் வழக்கமாக ஆற்றுக்குள் இறங்குகிற கல்பாலத்துக்கு வண்டியைத் திருப்பினால் குறுக்கே இரும்புத் தடுப்பு. "கல்பாலத்துக்கு மேல தண்ணி போகுதுண்ணே, மேம்பாலத்துல போங்க" என்றார் போலீஸ்காரர். அப்படித் திரும்பி மேம்பாலத்தில் ஏறினோம். பாதி மதுரை அங்கேதான் நின்றது. ஊர்ந்து ஊர்ந்து போனாலும் நேரம் இருந்தது. ஏறும் முன் பார்த்த டீக்கடைக் கடிகாரத்தில் எட்டுப் பத்து. பாலத்தைத் தாண்டினால் செல்லூர் பத்து நிமிடம்.

நடுப்பாலத்தில் வைத்துத்தான் பார்த்தேன்.

செக்கச் செவேலென்று, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகப் போய்க்கொண்டிருந்தது. புல்லைக் காணோம், எருமையைக் காணோம். ஆகாயத்தாமரை கொத்துக் கொத்தாகச் சுழன்று வந்தது, கூடவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஆற்று நடுவில் நிற்கும் மைய மண்டபத்தின் தூண்கள் பாதிக்கு மேல் முங்கியிருந்தன. பத்து மாதமாக நான் விரலால் தடவிய ஒரு சாண் ஆறு அது.

"ஏங்க, ஒரு நிமிசம் நிப்பாட்டுங்க."

"புள்ள, வெளாடாத. பரீட்சைக்குப் போறோம்."

"தெரியும். ஒரே நிமிசம். பாத்துட்டு ஏறிர்றேன்."

இதை நான் மறைக்க விரும்பவில்லை. அவர் இரண்டு தடவை வேண்டாம் என்றார். நான்தான் அவர் தோளில் தட்டித் தட்டி நிறுத்த வைத்தேன். இறங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, வருசநாட்டில் பிறந்து, தேனி கடந்து, மதுரை கடந்து, சிவகங்கை கடந்து, இராமநாதபுரம் பெரிய கண்மாயை எட்டி, என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே நின்றேன். பக்கத்திலிருந்த ஒரு பூக்காரம்மா, முன்பின் தெரியாதவர், ஒரு கை நிறைய சம்பங்கியை என் கையில் திணித்து, "போடுத்தா, நல்லா இருப்ப" என்றார். போட்டேன். என் வீட்டுக்காரரும் இறங்கி வந்து போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்துவிட்டார். மதுரைக்காரர்தானே, அவர் மட்டும் என்ன செய்வார்? எவ்வளவு நேரம் நின்றோம் என்று சத்தியமாகத் தெரியாது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

திரும்பிப் பார்த்தால் எங்கள் வண்டியைக் காணோம். இருந்தது, ஆனால் அதற்கு முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நாற்பது வண்டி. எல்லாம் எங்களைப் போலவே ஒரு நிமிடத்துக்கு நிறுத்தியவை.

"அண்ணே, பரீட்சைக்குப் போகணும்ணே, கொஞ்சம் வண்டிய எடுங்கண்ணே!" என்று இவர் கத்தினார்.

"இந்தா எடுக்குறேன் மாப்ள, ஒரே ஒரு போட்டோ" என்றார் ஒருவர், திரும்பாமலேயே.

இவர் போனில் மணி பார்த்தார். எட்டே முக்கால். வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினோம். கூட்டத்தைப் பிளந்து பாலத்தை விட்டு இறங்குவதற்குள்ளேயே பாதி நேரம் போய்விட்டது. செல்லூர்ச் சந்துகளில் தறிச்சத்தம் இரண்டு பக்கமும் தடதடவென்று அடிக்க, செருப்பு வார் அறுந்து, அதையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். பள்ளிக்கூடத்து கேட் சாத்தியிருந்தது. ஒன்பது மணி நாலு நிமிடம்.

உள்ளே நின்றவரிடம் முதலில் சண்டை போட்டேன். எனக்கு வாய் அதிகம், வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்புறம் கெஞ்சினேன். "நாலு நிமிசம் சார். கடைசித் தடவ சார்." அவர் நல்ல மனிதர்தான், முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. "திறந்தா என் வேல போயிரும்மா" என்றார். என்னோடு இன்னும் ஐந்து பேர் நின்றார்கள். எல்லோரும் 'டிராஃபிக்' என்றுதான் சொன்னார்கள். ஒரு பையனின் சட்டைப் பையில் சாமந்தி இதழ் ஒட்டியிருந்தது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. உள்ளே மணி அடித்தது. எனக்கு அழுகைகூட வரவில்லை, அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இப்போது நான் ஒரு பயிற்சி மையத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டுப் புவியியல் எடுக்கிறேன். வைகைப் பாடம் வந்தால், பரீட்சை அன்றைக்குப் பாலத்தில் நிற்காதீர்கள் என்று முடிப்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். ஏன் சொல்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியாது.

அன்றைக்கு, பாலத்தில் விட்ட பைக்கை எடுத்துக்கொண்டு திரும்பும் வழியில், பழங்காநத்தத்தில் இவர் டீ வாங்கிக் கொடுத்தார். நான் குடிக்கவில்லை. "ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ வாயத் தெறக்காத" என்றார். வீட்டு வாசலில் அத்தை என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். நாங்கள் சீக்கிரம் திரும்பியதைப் பார்த்தே அவர் முகம் மாறிவிட்டது.

"வண்டி பஞ்சர் ஆத்தா. லேட்டாயிருச்சு. உள்ள விடல" என்றார் இவர்.

அத்தை அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் ஆரம்பித்தார் பாருங்கள். "பஞ்சராம் பஞ்சரு! பத்து வருசம் லாரி ஓட்டுனவனுக்கு டயர்ல காத்து இருக்கான்னு பாக்கத் தெரியாது? அவ ராவும் பகலும் படிச்சாளேடா! எம்பிள்ளைன்னு சொல்ல வெக்கமா இருக்குடா!" இவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் சொன்னதால் இல்லை. பயத்தினால்.

மூன்று நாள் வீடு சாவு விழுந்த வீடு மாதிரி இருந்தது. டி.வி. போடவில்லை. தன் மகனுக்கு அத்தை தட்டை 'ணங்' என்று வைப்பார். சோறு கேட்டால்தான் விழும். எனக்கோ கருப்பட்டி காபி, தலைக்கு எண்ணெய், "நீ என்னத்தா பண்ணுவ, உனக்கு வாச்சவன் அப்படி" என்று ஆறுதல். அந்தக் காபியில் ஒரு மடக்குகூட எனக்கு இறங்கவில்லை.

நாலாம் நாள் காலை அத்தை ஊருக்குக் கிளம்பச் சேலைகளை மடித்துக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார். இனி இங்கே என்ன வேலை என்று சொல்லவில்லை, அது தெரிந்தது. "அவன ரொம்பப் பேசிட்டேன். ஆனா மனசு ஆறலைத்தா" என்றார். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"அத்தை, வண்டி பஞ்சராகல."

அவர் நிமிர்ந்தார்.

"நான்தான் நிறுத்தச் சொன்னேன். பாலத்துல. ஆத்துல தண்ணி போச்சு, பாக்கணும்னு நிறுத்தச் சொன்னேன். அவுக வேணாம்னுதான் சொன்னாக. தப்பு என்னோடது."

அத்தை மடித்த சேலையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். பத்து மாதம். கோழி, வயல், அந்த மேசை. கை நீட்டி ஓர் அறை விட்டாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

"எம்புட்டுத் தண்ணி?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "என்ன அத்தை?"

"ஆத்துல எம்புட்டுத் தண்ணித்தா போச்சு?"

"ரெண்டு கரையும் தொட்டுப் போச்சு. கல்பாலம் கண்ணுக்கே தெரியல."

"செந்தண்ணியா, தெளிஞ்ச தண்ணியா?"

"செந்தண்ணி."

"அப்ப மல நல்லா நனஞ்சிருக்கு. டேம்மு நெறஞ்சிருக்கும். இனிமே கால்வாயத் தொறக்காம என்ன பண்ணப் போறாங்க?" என்று தனக்குத்தானே சொன்னவர், சட்டென்று வாசல் பக்கம் திரும்பிக் கத்தினார். "அட கூறுகெட்ட பயலே! ஆத்துல தண்ணி வந்துருக்கு, நாலு நாளா எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியாடா நீயி?"

முதல் பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டியவரை அரை மணி நேரத்தில் வண்டியில் ஏற்றினோம். முன்னால் மகள், நடுவில் அத்தை, கடைசியில் தொற்றிக்கொண்டு நான். பாலத்தில் கூட்டம் குறைந்திருந்தது, தண்ணீரும் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆனாலும் ஆறாகத்தான் போனது. வரப்பில் நின்று வாய்க்கால் தண்ணீருக்குக் காத்திருந்தே வயதைக் கழித்தவர் அத்தை. வைகை நிறைந்து போய் அவர் பார்த்ததே இல்லையாம். கும்பிட்டார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் போய், "மன்னிச்சிருங்க அத்தை" என்றேன்.

"வேல போனது போனதுதான்த்தா. எனக்கு வயித்தெரிச்சலாத்தான் இருக்கு. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றார். தண்ணீர்ப் பக்கம் திரும்பி, "ஆனா நானா இருந்தாலும் எறங்கித்தான் பாத்திருப்பேன்" என்றார்.

நாலு நாளாக வராத அழுகை அப்போது வந்தது எனக்கு. அத்தை என் பக்கம் திரும்பவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.